இறுதியாட்டத்தில் நடுப்பலகையைப் பிடிப்பது எப்படி: சதுரங்கத்தில் ஒரு முழுமையான வழிகாட்டி

ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டுவிட்டன. ஆளுக்கு ஒரு யானையும் ஐந்தாறு சிப்பாய்களும் பாக்கி. காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) செய்த உங்கள் ராஜா இன்னும் ஜி1 கட்டத்திலேயே நிற்கிறது. அடுத்து என்ன ஆடுவீர்கள்?

பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒரு சிப்பாயைத் தள்ளுவார்கள், இல்லையென்றால் யானையால் ஒரு செக் கொடுத்துப் பார்ப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் ஆடினேன். சமநிலையில் இருந்த ஆட்டங்கள் கடைசியில் கை நழுவிப் போய்க்கொண்டே இருந்தன. தோற்ற ஆட்டங்களின் குறிப்புகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. ஒவ்வொன்றிலும் எதிராளியின் ராஜா பலகையின் நடுவுக்கு வந்திருந்தது. என்னுடையது வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை.

இந்த வழிகாட்டி அந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதற்காக எழுதியது. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். கட்டங்களின் பெயரைத் தமிழிலேயே தருகிறேன். வெள்ளையின் பக்கமிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எட்டு நெடுவரிசைகள். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்கள். டி4, இ4, டி5, இ5 என்ற நான்கு கட்டங்களும்தான் நடு.

நடு ஏன் முக்கியம்?

ஆட்டத்தின் தொடக்கத்தில் நடுவைப் பிடிப்பது என்றால் அங்கே சிப்பாய்களை நிறுத்தி, குதிரைகளுக்கும் பிஷப்புகளுக்கும் இடம் உண்டாக்குவது. இறுதியாட்டத்தில் அதே நான்கு கட்டங்களுக்கு வேறு ஒரு மதிப்பு வருகிறது. அங்கிருந்து எல்லாப் பக்கமும் கிட்ட. அந்த அருகாமைதான் முழு விஷயமும்.

எண்ணிப் பாருங்கள். டி4-ல் நிற்கும் ராஜா காலிப் பலகையில் எந்தக் கட்டத்துக்குப் போகவும் 4 நகர்த்தலுக்கு மேல் தேவைப்படாது. ஜி1-ல் நிற்கும் ராஜா ஏ8-க்குப் போக 7 நகர்த்தல் வேண்டும். சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாகும் ஓட்டப்பந்தயத்தில் ஒரே ஒரு நகர்த்தல் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. அப்படியிருக்க, மூன்று நகர்த்தல் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று சொல்லத் தேவையில்லை.

நடுவில் நிற்கும் ராஜாவுக்கு 8 கட்டங்கள் கைக்குள். ஓரத்தில் நின்றால் 5. மூலையில் 3. குதிரைக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூர்மை: நடுவில் 8, மூலையில் வெறும் 2. பிஷப்புக்கு நடுவில் 13, மூலையில் 7. ராணிக்கு 27-ம் 21-ம். யானைக்கு மட்டும் எங்கே நின்றாலும் 14தான். யானை ஏன் தனி வழியில் போகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

குதிரைக்கும் பிஷப்புக்கும் ஆளுக்கு 3 சிப்பாய் மதிப்பு என்று கணக்குப் போடுகிறோம் அல்லவா? இறுதியாட்டத்தில் ராஜாவின் சண்டை பலத்தை ஏறக்குறைய 4 என்று மதிப்பிடுவதுண்டு. அப்படியென்றால் ஜி1-ல் சும்மா நிற்கும் ராஜா என்பது ஒரு குதிரையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஆடுவதைவிடப் பெரிய நஷ்டம்.

படி 1: கிளம்ப வேண்டிய நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

முதல் அடையாளம் ராணிகள். இரண்டு ராணிகளும் போய்விட்டால் ராஜாவுக்கு இருந்த ஆபத்தில் பெரும் பகுதி போய்விட்டது. ராணியும் யானைகளும் பலகையில் இருக்கும்போது ராஜாவை நடுவுக்கு நடத்தினால் அடுத்தடுத்து செக் வாங்கி, தப்ப வழியே இல்லாத மேட் நிலையில் போய் நிற்பீர்கள்.

ராணி போன பிறகும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: மிச்சமிருக்கும் காய்களை வைத்து எதிராளி என் ராஜாவைத் துரத்தி மேட் செய்ய முடியுமா? இரண்டு யானைகளும் ஒரு குதிரையும் சேர்ந்தால் முடியும். ஒரு யானையும் ஒரு சிறு காயும் (குதிரை அல்லது பிஷப்) என்றால் பெரும்பாலும் முடியாது. முடியாது என்று தெரிந்த அடுத்த நகர்த்தலிலேயே கிளம்புங்கள்.

இதை முன்கூட்டியே யோசிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். ராணிகள் விரைவில் வெட்டுப்படப் போகின்றன என்று தெரிந்தால் காஸ்லிங் செய்வது சில நேரம் வீண் வேலை. ராஜா நடுவிலேயே இருப்பது லாபம். 2000-ல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கிராம்னிக், அப்போதைய சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராக பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க ஆட்டத்தைக் கருப்புக் காய்களோடு ஆடினார். அதில் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்படும். கருப்பு ராஜா டி8-ல் ராணியை வெட்டி, காஸ்லிங் உரிமையை இழக்கும். தொடக்க ஆட்டமாகப் பார்த்தால் அது குறை. இறுதியாட்டமாகப் பார்த்தால் ராஜா ஏற்கெனவே நடு வரிசையில் நிற்கிறது. அந்தப் போட்டி முழுவதும் காஸ்பரோவால் ஒரு ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை.

படி 2: பாதையைப் போடுங்கள்

ஜி1-லிருந்து எஃப்1, இ2, டி3, டி4. நான்கு நகர்த்தல். அவசரமான மிரட்டல் எதுவும் இல்லாத ஒவ்வொரு நகர்த்தலையும் இதற்கே செலவிடுங்கள். "ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டுக் கிளம்பலாம்" என்று நினைக்கும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சிப்பாய் நகர்த்தல்கள் திரும்பி வராதவை. அவற்றைச் சேமித்து வையுங்கள். படி 3-ல் அவை தங்கம் மாதிரி உதவும்.

பாதையில் இரண்டு தடைகள் வரலாம். ஒன்று, உங்கள் சொந்தச் சிப்பாய்கள். டி4-லும் இ4-லும் சிப்பாய்கள் நின்றால் ராஜா அங்கே ஏற முடியாது, சரி. ஆனால் அந்த இரண்டு சிப்பாய்களும் சேர்ந்து சி5, டி5, இ5, எஃப்5 என்ற நான்கு கட்டங்களையும் எதிரி ராஜாவுக்கு அடைத்துவிடுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நடுச் சிப்பாய்கள் ஒரு மதில். அந்த மதிலுக்குப் பின்னால் உங்கள் ராஜா நிதானமாக வந்து சேரலாம். அவசரப்பட்டு ஒன்றைத் தள்ளினால் மதிலில் ஓட்டை விழும். எதிரி ராஜா அந்த ஓட்டை வழியாகத்தான் வரும்.

இரண்டாவது தடை, எதிரி யானை. கருப்பு யானை திறந்த டி வரிசையில் நின்றால் உங்கள் ராஜா இ வரிசையைத் தாண்ட முடியாது. இப்படி வழியடைப்பது யானை இறுதியாட்டங்களில் மிக வலுவான ஆயுதம். பதில், உங்கள் யானையை டி1-க்குக் கொண்டுவந்து வெட்டிக்கொள்ள அழைப்பது. வெட்டிக்கொண்டால் ராஜாவுக்கு வழி திறந்துவிடும். வெட்டாமல் ஒதுங்கினால் வரிசை உங்களுடையது. ஆனால் யானைகள் போன பிறகு மிஞ்சும் சிப்பாய் இறுதியாட்டம் உங்களுக்குச் சாதகமா என்று முதலில் கணக்குப் போட்டுவிட வேண்டும். அதைக் கணக்குப் போடுவதற்கு அடுத்த படி தேவை.

படி 3: இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர் நிற்கும்போது

எதிராளியும் தன் ராஜாவை நடுவுக்குக் கொண்டுவந்தால்? வெள்ளை ராஜா டி4-ல், கருப்பு ராஜா டி6-ல். நடுவில் ஒரு கட்டம். இருவரும் அந்தக் கட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. இப்போது யார் நகர வேண்டுமோ அவர் வழிவிட்டே ஆக வேண்டும். இந்த நிலையைத்தான் ஆப்போசிஷன் என்கிறோம். நகர வேண்டாதவர் கையில் ஆப்போசிஷன் இருக்கிறது.

இதோடு வெள்ளைக்கு டி3-ல் ஒரு சிப்பாய் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். கருப்புக்கு ஒன்றுமில்லை. கருப்பு நகர வேண்டுமென்றால் வெள்ளை வெல்லும். கருப்பு சி6 போனால் வெள்ளை இ5. கருப்பு இ6 போனால் வெள்ளை சி5. வெள்ளை நகர வேண்டுமென்றால் டிரா. காய்கள் அதே இடத்தில், முடிவு மட்டும் வேறு.

இப்போது சிப்பாயை டி3-லிருந்து எடுத்து டி2-ல் வையுங்கள். வெள்ளை நகர வேண்டும். இந்த முறை 1. டி3! (ஆச்சரியக்குறி நல்ல நகர்த்தலைக் காட்டும்) என்று சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் போதும். ராஜாக்கள் அதே இடத்தில் நிற்கின்றன, ஆனால் நகர வேண்டியது கருப்பு. படி 2-ல் சிப்பாய் நகர்த்தல்களைச் சேமியுங்கள் என்று சொன்னது இதற்குத்தான். கையில் ஒரு உபரி நகர்த்தல் வைத்திருப்பவர் எதிராளியை நடுவிலிருந்து தள்ளிவிடுகிறார்.

எந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் வெற்றி உறுதி என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர வரிசைச் சிப்பாய் இல்லாமல், சிப்பாய் இன்னும் 2, 3, 4 என்ற கிடைவரிசைகளில் இருந்தால், அதற்கு இரண்டு கட்டம் முன்னால் இருக்கும் கட்டமும் அதன் இரு பக்கத்துக் கட்டங்களும் முக்கியக் கட்டங்கள். டி3 சிப்பாய்க்கு சி5, டி5, இ5. இ4 சிப்பாய்க்கு டி6, இ6, எஃப்6. வெள்ளை ராஜா இவற்றில் ஒன்றில் ஏறிவிட்டால், சிப்பாய் பத்திரமாக இருக்கும்வரை, யார் நகர வேண்டியிருந்தாலும் அது ராணியாகும். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆட்டத்தின்போது பத்து நகர்த்தல் ஆழத்துக்குக் கணக்குப் போடும் சுமையை இது எடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நடுவுக்கு முதலில் வந்து சேர்வது எப்போதும் நல்லதில்லை. வெள்ளைச் சிப்பாய் இ4-ல், கருப்புச் சிப்பாய் இ5-ல், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. வெள்ளை ராஜா டி5-ல், கருப்பு ராஜா எஃப்4-ல். இரண்டு ராஜாக்களும் தன் சிப்பாயைக் காத்து, எதிரிச் சிப்பாயைத் தாக்குகின்றன. இந்த நிலையில் யார் நகர்ந்தாலும் அவருக்குத் தோல்வி. நகர்ந்தே ஆக வேண்டிய இந்த இக்கட்டுக்கு சுக்ஸ்வாங் என்று பெயர். ஆகவே சிப்பாய்கள் இப்படி முட்டி நிற்கும்போது, எதிரி ராஜா எஃப்4-க்கு வந்த பிறகே டி5-ல் கால் வையுங்கள். நீங்கள் டி5-ல் காத்திருக்கும்போது அவர் எஃப்4-க்கு வந்தால் ஆட்டம் போய்விட்டது. ஒரு நகர்த்தல் தாமதித்து வருவதும் சில சமயம் திறமை.

படி 4: ஒரே நகர்த்தலில் இரண்டு வேலை

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் படியாக இருக்கட்டும்.

1921-ல் சதுரங்க வீரர் ரிச்சர்ட் ரெட்டி ஒரு புதிர் அமைத்தார். பலகையில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா எச்8, வெள்ளைச் சிப்பாய் சி6. கருப்பு ராஜா ஏ6, கருப்புச் சிப்பாய் எச்5. வெள்ளை நகர வேண்டும். டிரா செய்ய வேண்டும்.

முதல் பார்வையில் முடியாத காரியம். கருப்புச் சிப்பாய் ஓட ஆரம்பித்தால் வெள்ளை ராஜா இரண்டு நகர்த்தல் பின்தங்கியிருக்கிறது. துரத்திப் பிடிக்க வழியில்லை. வெள்ளைச் சிப்பாயையோ கருப்பு ராஜா இரண்டே நகர்த்தலில் வெட்டிவிடும். இரண்டு பக்கமும் தோல்வி.

தீர்வு இது (எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கருப்பின் நகர்த்தல்). 1. ராஜா ஜி7, எச்4. 2. ராஜா எஃப்6. இப்போது கருப்பு 2... எச்3 என்று ஓடினால் 3. ராஜா இ7 எச்2 4. சி7 ராஜா பி7 5. ராஜா டி7 என்று வெள்ளையும் ராணியாக்கிவிடும். ஆகவே கருப்பு 2... ராஜா பி6 என்று சி6-ஐக் குறி வைக்கிறது. 3. ராஜா இ5!! இங்கே சற்று நிறுத்திப் பாருங்கள். கருப்பு சி6-ஐ வெட்டினால் 4. ராஜா எஃப்4, எச்3 5. ராஜா ஜி3 என்று ஓடும் சிப்பாயைப் பிடித்துவிடலாம். கருப்பு 3... எச்3 என்று ஓடினால் 4. ராஜா டி6, எச்2 5. சி7 என்று வெள்ளைச் சிப்பாய் ராணியாகிறது. எப்படி ஆடினாலும் டிரா.

எச் வரிசையில் நேராக இறங்கினாலும் 3 நகர்த்தலில் எச்5-க்குத்தான் வருவீர்கள். மூலைவிட்டமாக நடுவை நோக்கி வந்தாலும் அதே 3 நகர்த்தல். அதே ஐந்தாவது கிடைவரிசை. ஆனால் இ5-ல் நிற்கும் ராஜா எஃப்4-க்கும் டி6-க்கும் ஒரே அடி தூரத்தில் இருக்கிறது. நடுவில் நின்றால் எதிராளி எந்தப் பக்கம் ஓடினாலும் நீங்கள் அடுத்த பக்கத்துக்குத் தயார். முதன்முதலில் இதைப் பலகையில் வைத்துப் பார்த்த நாளன்று நான் அந்தக் காய்களை நெடுநேரம் கலைக்கவே இல்லை.

அதே 1921-ல் பெர்லினில் ஷ்லாகே, ஆஹ்யூஸ் இருவரும் ஆடிய ஓர் ஆட்டம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. வெள்ளை ராஜா இ6, சிப்பாய் ஏ6. கருப்பு ராஜா சி3, சிப்பாய் ஏ7. வெள்ளை நகர வேண்டும். வெள்ளை ராஜா பி7 வழியாகப் போய் ஏ7-ஐ வெட்ட வேண்டும், அவ்வளவுதான். டி6 வழியாகப் போனாலும் டி5 வழியாகப் போனாலும் ஒரே எண்ணிக்கை. எதில் போனால் என்ன?

ஆட்டத்தில் வெள்ளை டி6-ல் போனது. கருப்பு டி4! என்று நடுவுக்கு ஏறி, இ5, டி6 வழியாக வந்தது. வெள்ளை ஏ7-ஐ வெட்டிய அடுத்த நகர்த்தலில் சி7-ல் நின்று வெள்ளை ராஜாவை மூலையிலேயே அடைத்துவிட்டது. டிரா.

1. ராஜா டி5! ஆடியிருந்தால்? டி4-ம் சி4-ம் கருப்புக்கு அடைபட்டுவிடும். 1... ராஜா பி4 2. ராஜா சி6 ராஜா ஏ5 3. ராஜா பி7 ராஜா பி5 4. ராஜா ஏ7-ஐ வெட்டுகிறது, ராஜா சி6 5. ராஜா பி8 என்று வெள்ளை வெல்லும். கருப்பு ஒரே ஒரு நகர்த்தல் தாமதம். நீங்கள் போகும் வழியிலேயே தோளால் எதிரியைத் தள்ளிக்கொண்டு போவது போன்றது இது. இலக்கு ஒரே தூரத்தில் இருக்கும்போது, நடுக்கட்டத்தை மிதித்துக்கொண்டு போகும் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

எதிரி ராஜாவை நடுவிலிருந்து வெளியே இழுப்பதும் இதன் தொடர்ச்சிதான். வெள்ளை: ராஜா டி4, சிப்பாய்கள் ஏ4, ஜி4. கருப்பு: ராஜா டி6, சிப்பாய் ஜி5. வெள்ளை ஏ5 என்று ஓர வரிசைச் சிப்பாயை ஓட விடுகிறது. அதைப் பிடிக்கக் கருப்பு சி6, பி5 என்று போக வேண்டும். அந்த நேரத்தில் வெள்ளை ராஜா இ5, எஃப்5 வழியாகப் போய் ஜி5-ஐ வெட்டிவிடும். மீதமுள்ள ஜி4 சிப்பாயின் முக்கியக் கட்டங்கள் எஃப்6, ஜி6, எச்6. மூன்றும் வெள்ளை ராஜாவுக்குப் பக்கத்தில். ஏ சிப்பாயின் வேலை ராணியாவது இல்லை. கருப்பு ராஜாவை நடுவை விட்டுக் கிளப்புவது மட்டும்தான். தூரத்துச் சிப்பாய் ஏன் இவ்வளவு மதிப்புள்ளது என்று கேட்பவர்களுக்கு இந்த ஐந்து காய்களை வைத்துக் காட்டுவேன்.

படி 5: மற்ற காய்களையும் நடுவை நோக்கித் திருப்புங்கள்

குதிரையை ஓரத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு அழகான அமைப்பு: கருப்புக் குதிரை ஏ5-ல், வெள்ளை பிஷப் டி5-ல். குதிரைக்குப் போக பி3, சி4, சி6, பி7 என்று நான்கு கட்டங்கள். நான்கையும் அந்த ஒரே பிஷப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குதிரை இருந்தும் இல்லாத மாதிரி. பிறகு வெள்ளை ராஜா நடந்து வந்து அதை வெட்டிவிடலாம். குதிரை நடுவில் இருந்திருந்தால் ஒரு பிஷப்பால் இதைச் செய்யவே முடியாது. குதிரைக்கு எதிரிச் சிப்பாய் தாக்க முடியாத நடுக்கட்டம் ஒன்று கிடைத்து, பின்னால் உங்கள் சிப்பாய் காவலும் இருந்தால் அதை அங்கிருந்து கிளப்பாதீர்கள்.

ராணி இறுதியாட்டங்களில் நடு இன்னும் அதிகமாகப் பேசுகிறது. ராணி உள்ள ஆட்டத்தில் வெற்றி பெறும் பக்கத்துக்கு வரும் பெரிய தொல்லை முடிவில்லாத செக்குகள். டி4, இ4, டி5, இ5 என்று நடுவில் நிற்கும் ராணி, செக் வரக்கூடிய கட்டங்களில் பலவற்றைத் தானே காவல் காக்கிறது. செக் வந்தாலும் குறுக்கே வந்து நின்று ராணிகளை வெட்டிக்கொள்ள அழைக்கிறது. எதிரி ராணி அந்த இடத்தில் நின்றால் உங்கள் ராஜா தலை நீட்ட முடியாது. ஆகவே ராணி இறுதியாட்டத்தில் ஒரு சிப்பாயை வெட்டுவதா, நடுவுக்குப் போவதா என்று சந்தேகம் வந்தால் நான் நடுவைத்தான் முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

யானை விஷயம் வேறு. அதற்கு எங்கே நின்றாலும் 14 கட்டங்கள் என்பதால் நடுவில் நிறுத்துவதால் கூடுதல் பலம் இல்லை. எதிரி ராஜாவின் அடிக்கும் ஆளாகும். யானையை தூரத்தில், சிப்பாய்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள். அது நடுவுக்குச் செய்யும் உதவி, எதிரி ராஜாவை வழியடைப்பது. கருப்பு ராஜா ஜி வரிசையில் நிற்கும்போது உங்கள் யானை எஃப் வரிசையைப் பிடித்தால், அது நடுவைக் கண்ணால் மட்டும்தான் பார்க்க முடியும்.

தனியாக நிற்கும் ராஜாவிடமிருந்து கற்க வேண்டியது

வெறும் ராஜாவை மேட் செய்யும் அடிப்படைப் பயிற்சிகளிலும் இதே கதைதான். ராணி, யானை, இரண்டு பிஷப்புகள், பிஷப்பும் குதிரையும் என இவற்றில் எதை வைத்திருந்தாலும் தனி ராஜாவை நட்ட நடுவில் மேட் செய்ய முடியாது. ஓரத்துக்குத் தள்ள வேண்டும். அதனால் தற்காப்பவர் நடுவை விட்டு அசையக் கூடாது, தாக்குபவர் முதலில் அந்த நடுவைப் பறிக்க வேண்டும். சரியாக ஆடினால் ராணியை வைத்து அதிகபட்சம் 10 நகர்த்தல், யானைக்கு 16, இரண்டு பிஷப்புகளுக்கு 19, பிஷப்பும் குதிரையும் சேர்ந்தால் 33. கடைசியாகச் சொன்னதில் 50 நகர்த்தல் விதி (வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லாமல் 50 நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம்) பயமுறுத்தும். பலர் அதில் தோற்றுப்போவது கடைசி மூலை வேலையில் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலில் செக் மேல் செக் கொடுத்து நேரத்தை வீணாக்கியிருப்பார்கள். ராஜா, பிஷப், குதிரை மூன்றையும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எதிரி ராஜா தானாகவே ஓரம் போகும்.

எப்போது நடுவுக்குப் போகக் கூடாது?

விதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடுவதும் தவறு. எல்லாச் சிப்பாய்களும் எஃப், ஜி, எச் வரிசைகளில் மட்டும் இருந்தால் டி4-ல் போய் நிற்பதால் பயன் குறைவு. சண்டை எங்கே நடக்கிறதோ அங்கே போகும் வழியில் ஒரு நிறுத்தம்தான் நடு.

1924 நியூயார்க் போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் காப்பபிளாங்கா, டார்டகோவருக்கு எதிராக ஆடிய யானை இறுதியாட்டம் இதற்கு ஒளிவிளக்கு. காப்பபிளாங்காவின் ராஜா நடுவைப் பார்க்கவே இல்லை. ஜி3, எச்4, ஜி5, எஃப்6 என்று எதிரியின் கோட்டைக்குள் நடந்தது. போகும் வழியில் சி3-லும் எஃப்4-லும் இருந்த இரண்டு சிப்பாய்களைச் செக்கோடு இழந்தார். கவலைப்படவில்லை. எஃப்6-ல் நின்ற ராஜாவும், ஜி6-ல் நின்ற சிப்பாயும், யானையும் சேர்ந்து கருப்பு ராஜாவை நெருக்கின. வென்றார். நடு என்பது ராஜாவைச் சுறுசுறுப்பாக்கும் வழி. அதைவிட நேரான வழி கண்ணெதிரே இருந்தால் அதில் போக வேண்டும்.

தற்காப்பில் இருக்கும்போதும் விதிவிலக்குகள் உண்டு. எதிராளிக்கு ஏ அல்லது எச் வரிசைச் சிப்பாயும், அது ராணியாகும் கட்டத்தின் நிறத்தில் நடக்காத பிஷப்பும் இருந்தால், உங்கள் ராஜா நடுவை மறந்துவிட்டு அந்த மூலைக்கு ஓட வேண்டும். மூலையில் ஏறிவிட்டால் டிரா. யானை இறுதியாட்டத்தில் ஒரு சிப்பாய் குறைந்து தற்காக்கும்போதும் அந்தச் சிப்பாயின் எதிரே நிற்பதுதான் ராஜாவின் முதல் வேலை.

பயிற்சி

முதலில் இதை வையுங்கள்: வெள்ளை ராஜா இ1, சிப்பாய் இ2, கருப்பு ராஜா இ8. வேறு எதுவும் இல்லை. வெள்ளை முதலில் நகர்ந்தால் வெற்றி, கருப்பு முதலில் நகர்ந்தால் டிரா. இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடிப் பாருங்கள். இ2 சிப்பாயின் முக்கியக் கட்டங்கள் டி4, இ4, எஃப்4. வெள்ளை முதலில் ஆடும்போது எஃப்2, இ3, இ4 என்று ராஜா எப்படி ஒரு நகர்த்தல் முந்திப் போய்ச் சேர்கிறது என்பதும், கருப்பு முதலில் ஆடும்போது இ5-ல் வந்து எப்படி வழிமறிக்கிறது என்பதும் விரலுக்குப் பழக வேண்டும். சிப்பாயை முதலில் தள்ளிப் பார்த்து, ஏன் வெற்றி போகிறது என்றும் பாருங்கள்.

அப்புறம், இரண்டு பக்கமும் ராஜாவும் எட்டுச் சிப்பாய்களும் மட்டும் வைத்து, ஆட்டத் தொடக்க நிலையிலிருந்து ஒரு நண்பருடன் ஆடுங்கள். வேறு காய் எதுவும் வேண்டாம். பத்து ஆட்டம் ஆடினால் போதும். எந்தச் சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளினீர்கள், யார் ராஜா முதலில் நான்காவது கிடைவரிசைக்கு வந்தது, உபரி நகர்த்தல் யாரிடம் மிஞ்சியது என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

கடைசியாக உங்கள் சொந்த ஆட்டங்களை எடுங்கள். ராணிகள் வெட்டுப்பட்ட நகர்த்தல் எண்ணைக் குறியுங்கள். உங்கள் ராஜா முதல் அடி எடுத்து வைத்த நகர்த்தல் எண்ணை அதன் பக்கத்தில் எழுதுங்கள். எதிராளியுடையதையும் எழுதுங்கள். என் பழைய நோட்டில் முதல் இரண்டு எண்களுக்கும் நடுவே 15 நகர்த்தல் இடைவெளி கிடந்தது. இப்போதெல்லாம் இரண்டு, மூன்றைத் தாண்டுவதில்லை.